மெஷின்ல என்ன இருக்கோ அதுதான் சம்பளமா?

"மெஷின்ல என்ன இருக்கோ அதுதான் தம்பி. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள், வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். சம்பளம் குறைஞ்சிருக்கே சார் என்று போய் நின்றால் கிடைக்கிற முதல் பதிலும் இதுதான், கடைசிப் பதிலும் இதுதான். சின்னச் சின்ன கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பதில் பித்தலாட்டம்.

வந்து போகிற நேரத்தைக் குறிக்கிற பஞ்ச் மெஷின் பதிவு செய்வது மூன்றே விஷயம்: ஆள் நம்பர், தேதி, நேரம். அதைத் தாண்டி எல்லாம் மனுஷன் போட்ட செட்டிங்தான். கிரேஸ் டைம் (லேட்டாக வந்தாலும் பொறுத்துக்கொள்கிற நேரம்) ஐந்து நிமிஷமா பத்து நிமிஷமா, எத்தனை நிமிஷம் லேட்டானால் அரை நாள், ஓ.டி. (ஷிஃப்ட் தாண்டிப் பார்க்கிற கூடுதல் வேலை) எத்தனை நிமிஷத்துக்கு மேல் கணக்கு, ஒரு பஞ்ச் விட்டுப்போனால் ஆப்சென்டா இல்லையா, இதை எல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து 'சேவ்' கொடுத்திருக்கிறார். சாஃப்ட்வேர் வாங்கும்போது கம்பெனியிடம் கேட்டுத்தான் செட் பண்ணுவார்கள். தொழிலாளியிடம் யாரும் கேட்பதில்லை. அது போகட்டும், என்ன செட் பண்ணியிருக்கிறோம் என்றாவது சொல்கிறார்களா?

சித்தி பையன் ஒருத்தன் கோவையில் ஃபவுண்டரி (இரும்பு உருக்கி வார்க்கிற ஆலை) ஒன்றில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். நைட் ஷிஃப்ட் போட்ட மாசமெல்லாம் சம்பளம் குறைகிறது, சிலிப்பில் எல்.ஓ.பி. (சம்பளமில்லாத லீவு) என்று போட்டிருக்கிறது, ஆனால் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை அண்ணா என்றான். பஞ்ச் ரிப்போர்ட் வாங்கிட்டு வாடா என்றேன். தர மாட்டேன் என்றவர்களிடம் இழுத்துப் பிடித்து வாங்கி வந்தான்.

திங்கள் ராத்திரி 9.52க்கு உள்ளே போயிருக்கிறான். செவ்வாய் காலை 6.08க்கு வெளியே. செவ்வாய் ராத்திரி 9.55க்கு மறுபடி உள்ளே. இவனுக்கு நைட் ஷிஃப்ட் என்று சாஃப்ட்வேரில் யாரும் மாற்றவே இல்லை, பகல் நேரப் பொது ஷிஃப்ட்டிலேயே கிடக்கிறான். அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு நாள் என்பது ராத்திரி பன்னிரண்டு மணியோடு முடிகிறது. அன்றைய முதல் பஞ்ச் உள்ளே, கடைசிப் பஞ்ச் வெளியே. ஆக திங்களுக்கு ஒரே ஒரு பஞ்ச், அதனால் 'மிஸ் பஞ்ச்', ஆப்சென்ட். செவ்வாய்க்கு 6.08 உள்ளே, 9.55 வெளியே! பகல் முழுக்க வீட்டில் படுத்துத் தூங்கியவனை 15 மணி 47 நிமிஷம் வேலை பார்த்ததாக ரிப்போர்ட் காட்டுகிறது.

இதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு வந்த விளக்கம்தான் என்னை இதை எழுத வைத்தது. பதினைந்து மணி நேரக் கணக்கைப் பார்த்ததும் "அது சிஸ்டம் எரர்ப்பா, அதுக்கெல்லாம் ஓ.டி. வராது" என்று சிரித்திருக்கிறார்கள். சரி, ரொம்ப நியாயம். அப்படியானால் திங்கட்கிழமை ஆப்சென்ட்டும் அதே எரர்தானே என்று கேட்டால், "அது மெஷின்ல அப்படித்தான் இருக்கு." ஒரே கோளாறு. தொழிலாளிக்குச் சாதகமாக விழுந்தால் எரர், பாதகமாக விழுந்தால் ரெக்கார்டு.

மெஷின் தப்பு பண்ணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தற்செயலாக நடக்கிற தப்பு பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழ வேண்டும். ஒரே பக்கம் மட்டும் விழுகிற தராசை சந்தையில் யாராவது ரிப்பேர் என்று ஒத்துக்கொள்வோமா?

லேட் கணக்குக்கு வருவோம். மாசம் 15,600 ரூபாய், 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 600, மணிக்கு 75. 12 நிமிஷம் லேட் என்றால் போக வேண்டியது 15 ரூபாய். ஆனால் 'பத்து நிமிஷத்துக்கு மேல் அரை நாள்' என்று செட்டிங் இருந்தால் போவது 300 ரூபாய். இருபது மடங்கு. இதில் கம்பெனி பஸ் டிராஃபிக்கில் மாட்டி லேட்டானாலும் வெட்டுகிற புண்ணியவான்கள் உண்டு. அவன் ஓட்டுகிற பஸ், அவன் வைத்த மெஷின், நம்ம சம்பளம்.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், ஆனால் வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936 ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9வது பிரிவு இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் 20வது பிரிவில் அதையே சொல்கிறது. ஒழுங்கு நடவடிக்கையாகத்தான் பிடித்தோம் என்றால் அதற்குப் பெயர் அபராதம், அதற்கு வழி வேறு. எதற்கெல்லாம் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும், தொழிலாளியிடம் விளக்கம் கேட்க வேண்டும், மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்துக்கு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி தானாக ஓடுகிற சாஃப்ட்வேர் யாரிடம் விளக்கம் கேட்டது?

ஓ.டி. இன்னும் சத்தமில்லாத திருட்டு. 'அரை மணி முடிந்தால்தான் கணக்கு' என்று வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து தினமும் 20 நிமிஷம் மெஷினைத் துடைத்து, அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவனுக்கு மாசம் 520 நிமிஷம் காற்றில் போகிறது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்து இருக்கிற விதி, புதிய தொகுப்பிலும் அது மாறவில்லை. மேலே சொன்ன சம்பளத்துக்கு அது சரியாக 1,300 ரூபாய். ஒரு ஆளுக்கு, ஒரு மாசத்துக்கு. ஆள் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கிற வேலையை உங்களிடமே விடுகிறேன்.

ஃபவுண்டரியில் கைரேகைப் பிரச்சினை தனி. மணலும் சூடும் பட்டுத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. சூப்பர்வைசர் நோட்டில் எழுதி வைக்கிறேன் என்பார், அந்த நோட்டு சம்பளம் போடுகிற இடத்துக்கு வந்து சேராது.

இது ஃபாக்டரியோடு நிற்கவில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களிலும் செல்போன் ஆப் வருகைப்பதிவு கட்டாயமானது, நாளுக்கு இரண்டு போட்டோ. டவர் கிடைக்காமல் போட்டோ ஏறாத அன்று, வெயிலில் மண் வெட்டிய அம்மாக்களின் கூலி போச்சு. வெட்டிய மண் அங்கேயே குவிந்து கிடக்கும், ஆனால் ஆப்பில் இல்லை.

அமெரிக்காவில் இதே வழக்கு 1946லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. மிச்சிகனில் மவுண்ட் கிளெமென்ஸ் என்ற ஊர், பீங்கான் ஆலை, டைம் கிளாக்கில் கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு நடந்து போய் வேலையைத் தொடங்குகிற தொழிலாளர்கள். நடக்கிற நேரத்துக்கும் கூலி என்று வந்த தீர்ப்பை அடுத்த வருஷமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு மாற்றிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதி இன்றும் நிற்கிறது. சரியான பதிவேடு வைக்க வேண்டியது முதலாளி, அவர் வைக்கவில்லை என்பதற்காகத் தொழிலாளி நஷ்டப்படக் கூடாது, நியாயமான ஒரு கணக்கை அவர் காட்டினால் போதும் என்றார்கள்.

நம் புதிய தொகுப்பின் 59வது பிரிவும் கிட்டத்தட்ட அதே திசைதான். சம்பளம் குறைந்தது என்று கோரிக்கை மனு போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. மனு போட மூன்று வருஷ அவகாசம் (பழைய சட்டத்தில் ஒரு வருஷம்தான்). பிடித்த பணத்தோடு பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கான்ட்ராக்டர் கைவிரித்தால் கம்பெனி பொறுப்பு. புதிய தொகுப்பில் பல விஷயங்கள் எனக்கு உடன்பாடில்லை, அதை இன்னொரு நாள் சண்டை போடுவோம். இந்தப் பிரிவுகளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் ஆச்சா, போய்க் கேட்டால் நாளைக்கு கேட்டில் நிறுத்திவிடுவான் என்பீர்கள். உண்மைதான். கான்ட்ராக்ட் பையனுக்குத் தொழிலாளர் துறை வாசல் ரொம்பத் தூரம். அதனால் கீழே இருந்து தொடங்குவதே நல்லது. பஞ்ச் வைத்ததும் திரையில் நேரம் தெரியும், செல்போன் உள்ளே அனுமதி இருந்தால் ஒரு போட்டோ, இல்லையென்றால் வெளியே வந்ததும் காலண்டரில் குறிப்பு. பஞ்ச் விழாத நாளில் அன்றைக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள், "சரி" என்று ஒரு பதில் வந்தாலும் அது ஆதாரம். சம்பளம் லாக் ஆகும் (கணக்கை மூடிவிடும்) தேதிக்கு முன்னால் வருகைப் பட்டியலைப் பாருங்கள். லாக் ஆன பிறகு போனால் "அடுத்த மாசம் அரியர்ஸ்ல போட்டுடறோம்" என்பார்கள், அந்த அடுத்த மாசம் சுலபத்தில் வராது. கேட்கும்போது ஏன் குறைஞ்சது என்று கேட்காமல், என் பஞ்ச் ரிப்போர்ட் கொடுங்க, கிரேஸ் டைம் எவ்வளவு வைத்திருக்கிறீங்க என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அதே ஷிஃப்ட்டில் அடிபட்ட நாலு பேராகப் போங்கள். யூனியன் இருந்தால் அவர்களே மனு போடலாம்.

சித்தி பையனுக்கு அந்த ஒரு மாசத்துப் பணம் திரும்ப வந்தது. அவனோடு அதே நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு வரவில்லை, அவர்கள் கேட்கவில்லையாம். ஷிஃப்ட் செட்டிங்கை மாற்றினார்களா என்று விசாரிக்கச் சொன்னேன். மாற்றவில்லை.

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு இன்னொன்று, மேலே விட்டுப்போச்சு. உங்கள் கம்பெனி 21ஆம் தேதியிலிருந்து 20 வரை கணக்குப் பார்க்கிறது என்றால், 20ஆம் தேதி ராத்திரி உள்ளே போய் 21 காலையில் வெளியே வந்த அந்த ஒரு ஷிஃப்ட்டைத் தனியாகப் பாருங்கள். இந்த மாசப் பட்டியலிலும் இல்லாமல், அடுத்த மாசத்திலும் இல்லாமல் போகலாம். இரண்டு மாச ரிப்போர்ட்டையும் சேர்த்து வாங்குங்கள்.