12 வெள்ளிக்கு (ரிங்கிட்) போன ரேடியோ செட்டும், எனக்கு நடந்த உபதேசமும்

செவ்வாய்க்கிழமை நான் போட்ட பதிவையும், அதுக்குக் கீழே நடந்த திருவிழாவையும் பார்த்தவங்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவங்க தேட வேண்டாம், எடுத்துட்டேன். பொறந்த வீட்டு ஸ்டோர் ரூமை ஒழிச்சப்ப, எங்க அப்பாவோட பழைய கேசட் ரேடியோ செட்டை என்னைக் கேட்காமலே வித்துட்டாங்கன்னு அதுல புலம்பியிருந்தேன். பயந்துபோய் எடுக்கலை. எங்க பெரியத்தை போன் பண்ணி, "ஏம்மா, வீட்டு விஷயத்தைச் சந்தியில வைக்கிற"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு 83 வயசு. அந்த வயசுக்குக் கட்டுப்பட்டு எடுத்தேன். ஆனா பதிவு போன பிறகும் இன்பாக்ஸ்ல உபதேசம் நிக்கலை. "விட்டுத் தள்ளுங்க சிஸ்டர், பழைய ரேடியோதானே."

பழைய ரேடியோதான். புது ரேடியோன்னு நான் எங்கே சொன்னேன்?

நிதானமாத்தான் சொல்றேன். பழைய பேப்பர், பழைய சாமான் வாங்குற பேப்பர் லாமா லோரியைக் கூப்பிட்டது தப்பில்லை. ஸ்டோர் ரூமை ஒழிச்சது தப்பில்லை. வெள்ளைப் பெயிண்ட் அடிச்சது ரொம்ப நல்லது, வெளிச்சமா இருக்கு. ஆனா அப்பாவோட செட்டையும் மூணு பிஸ்கட் டின் நிறைய இருந்த கேசட்டையும் லோரியில ஏத்துறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோலாலம்பூர்ப் பக்கம் செலாயாங்குக்கும் கெப்போங்குக்கும் எவ்வளவு தூரம்? நேர்ல வர வேண்டாம், போன்ல கேட்டா அரை நிமிஷம். எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவுல தம்பி மகன் போட்ட 'முன்–பின்' படத்தைப் பார்த்துத்தான். முன் படத்துல அப்பாவோட செட் இருக்கு. பின் படத்துல சுவரு இருக்கு. கீழே ஒரு வரி: "12 வெள்ளி கிடைச்சுது அத்தை, மைலோ ஐஸ் குடிச்சோம்."

அவன் சின்னப் பையன், அவனை நான் ஒண்ணும் சொல்லலை. அதுக்குக் கீழே 'ஹாஹா' அழுத்தினது யாருன்னும் இங்க சொல்லலை. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்த செட்டைப் பத்தி. 1979ல அப்பா கோலாலம்பூர் 'பத்து ரோடு' கடைத்தெருவுல தவணைக்கு வாங்கின சான்யோ. ரெண்டு ஸ்பீக்கர், மேலே கைப்பிடி, பின்னால பெரிய பேட்டரி எட்டு. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில ஃபிட்டர். கையில ரயில் பாஸ் இருக்கும், ஆனா குடும்பத்தோட வெளியூர் போறதுன்னா காடியிலதான் போவார். "ரயில்ல சத்தமா பாட்டு வச்சா டிக்கெட் பரிசோதகர் இறக்கி விட்டுருவான்"னு காரணம் சொல்வார். காடின்னா கார், செகண்ட் ஹேண்ட் டட்சன் 120ஒய். அதுல இருந்த ரேடியோ ஊரைத் தாண்டினா பாதி பாட்டு, பாதி இரைச்சல். அதனால பின் சீட்டுல எனக்கும் தம்பிக்கும் நடுவுல செட் உட்கார்ந்து வரும். அடியில நாலா மடிச்ச குளியல் துண்டு. அது சொகுசுக்கு இல்ல. கேசட் நாடா செகண்டுக்கு அஞ்சு சென்டிமீட்டர்கூட ஓடாது. அவ்வளவு மெதுவா ஓடுறதால, குழியில டயர் இறங்கி ஒரு தடவை குலுங்கினாலே டி.எம்.எஸ். குரல் தொண்டை கட்டின மாதிரி இழுக்கும். வளைவு வந்தா நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் செட்டைப் பிடிச்சுக்கணும். பாடாங் ரெங்காஸ் தாண்டி தைப்பிங் போற மலைப் பாதையில பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப் போகும்.

எங்க வீட்டுல தூரத்தை மைல்ல சொன்னதில்ல, கேசட்லதான். 90 நிமிஷக் கேசட், ஒரு பக்கம் 45 நிமிஷம். பழைய ரோட்டுல தஞ்சோங் மாலிம் ஒரு கேசட். தாப்பா ரெண்டு. ஈப்போ கிட்டத்தட்ட மூணு. பட்டர்வொர்த் போய்ச் சேர அஞ்சு கேசட் முடிஞ்சு ஆறாவது ஓட ஆரம்பிச்சிருக்கும். ரவாங், செரண்டா, களும்பாங், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், கம்பார், கோப்பெங்... இந்த ஊரெல்லாம் எனக்கு வரைபடத்துல பழக்கமில்ல, எந்த ஊர்ல எந்தக் கேசட் திரும்பும்னுதான் பழக்கம். 1994ல வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுசா திறந்தாச்சு. மூணு கேசட்ல பினாங்கு வந்துரும். அப்பாவுக்கு அது ஏதோ ரெண்டு கேசட் திருடு போன மாதிரி.

சனிக்கிழமை அப்ப அரை நாள் வேலை. அப்பா மத்தியானம் வந்து, குளிச்சு, சாப்பிட்டு, செட்டைத் தூக்கித் துடைச்சார்னா எங்களுக்குத் தெரிஞ்சுரும், போர்ட் டிக்சனோ மோரிப்போ, ஏதோ ஒரு கடற்கரைக்குப் போறோம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, ஒரு தீக்குச்சி. கேசட் நாடா உரசுற ஹெட்டைத் துடைச்சா பஞ்சு காப்பிக் கலர்ல வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் துடைப்பார். அப்புறம் எட்டு பேட்டரியையும் வெயில்ல காய வச்சதுல இருந்து எடுத்து, சட்டையில தேய்ச்சு, ஒண்ணொண்ணா உள்ள தள்ளுவார். அந்த ஸ்பிரிட் வாசம்தான் எனக்குச் சனிக்கிழமை.

வால்யூம் திருகுக்குப் பக்கத்துல ஒரு சிவப்புப் புள்ளி வச்சிருந்தார். பட்டறையில இரும்புக்கு அடிக்கிற பெயிண்ட். அந்தப் புள்ளிக்கு மேல திருப்பினா அம்மாவுக்குத் தலைவலி வரும்னு அர்த்தம். அம்மா முன் சீட்டுல இருந்தபடியே திரும்பாம சொல்வாங்க, "புள்ளி தாண்டிருச்சு."

சரி. உபதேசத்துக்கு வருவோம்.

முதல் உபதேசம்: "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே." இருக்கு. நானும் மாசாமாசம் காசு கட்டித்தான் கேட்கிறேன், நான் ஒண்ணும் குகையில வாழலை. ஆனா போன நோன்புப் பெருநாள் லீவுக்குப் பினாங்கு போனோமே, அதைச் சொல்றேன். காடியில நாலு பேர். மூணு காதுல இயர்போன். ஓட்டினது நான், எனக்குக் கிடைச்சது "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்". அஞ்சு மணி நேரம். தாப்பா ஓய்வு நிலையத்துல இறங்கினப்ப என் மக கேட்கிறா, "அம்மா, நீங்க ஏன் உம்முன்னு வர்றீங்க?" பிள்ளைகளைக் குத்தம் சொல்லலை. அந்தக் காலத்துல எங்களுக்கு வேற வழி இல்ல, ஒரே செட், அப்பா வச்சதைத்தான் கேட்கணும். எனக்கும் பத்து வயசுல அந்தப் பழைய தத்துவப் பாட்டெல்லாம் பிடிக்கவே இல்ல. ஆனா இன்னைக்கு முழுசா எனக்கு மனப்பாடமா இருக்கிறது அதுங்கதான். என் மகளுக்கு நான் கேட்கிற ஒரு பாட்டாவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது: "அந்தக் காலம் என்ன அவ்வளவு சுகமா? ஏர்கான் கிடையாது, எட்டு மணி நேரம் வேர்வை, வாந்தி." அதுவும் உண்மை. வாந்தி எடுக்கிறது நான்தான். 'அசாம் போய்'னு புளிப்பு உலர்பழம் ஒண்ணு வாயில, பிளாஸ்டிக் பை ஒண்ணு மடியில. சுகம்னு யார் சொன்னா? வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம், ஆனா ஒண்ணா உட்கார்ந்திருந்தோம்னு சொன்னேன். அதுக்குப் போய் "நாஸ்டால்ஜியா வியாதி"ன்னு ஒருத்தர். டாக்டரா நீங்க?

பட்டர்வொர்த்ல இருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரி. 1985ல பாலம் திறந்தும் அப்பா பாலத்துல ஏற மாட்டார். ஃபெர்ரியில காடி எஞ்சினை நிறுத்தினதும் பாட்டு மட்டும் தனியாக் கேட்கும். அதுவரைக்கும் எஞ்சின் சத்தத்தோடயே கேட்டதால, வேற ஏதோ புதுக் கேசட் மாதிரி இருக்கும். பக்கத்துக் காடிக்காரன் கண்ணாடியை இறக்குவான். ஒரு தடவை ஒரு சீனத் தாத்தா, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, கடைசி வரைக்கும் விரலால ஸ்டியரிங்ல தாளம் போட்டுக்கிட்டே வந்தார். கரை வந்ததும் அப்பாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போனார். 2021ல இருந்து அந்த ஃபெர்ரியில காடி ஏத்துறதும் இல்ல. அதையும் யாரும் என்னைக் கேட்டுச் செய்யலை, ஆனா அரசாங்கத்துக்கு என் போன் நம்பர் தெரியாது. தம்பிக்குத் தெரியும்.

மூணாவது: "ஓடாத செட்டுதானே." ஓடாததுக்குக் காரணம் உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட். நம்ம ஊர் சூட்டுக்கு வருஷம் போகப் போக இளகித் தார் மாதிரி ஒட்டும். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர் மகன் எங்க அப்பா. "நம்ம தோட்டத்து கித்தாவா இருந்தா இப்படி இளகுமா"ன்னு திட்டிக்கிட்டே மாத்துவார். பெல்ட் மாத்தினா ஓடும். பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னு கேசட்டையெல்லாம் டின்ல அடுக்கி, யார் வீட்டுல புதுச் சப்பாத்து வாங்கினாலும் பெட்டியில இருக்கிற அந்தக் குட்டி உலர்த்திப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி வந்து உள்ள போடுவார். அப்படிக் காப்பாத்தின கேசட். குப்பையாம்.

நாலாவது உபதேசம்தான் வலிச்சுது. "அவ்வளவு பாசம்னா உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாமே?" இதுக்கு 40 லைக்.

என் வீடு 650 சதுர அடி ஃபிளாட். அஞ்சு பேர். அப்புறம் எடுத்துக்கலாம், அப்புறம் எடுத்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன். ஆமா. 11 வருஷம் தள்ளிப் போட்டேன். அப்பா போனப்ப, செட்டு அம்மா பக்கத்துல இருக்கட்டும்னு நினைச்சேன். அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த ஸ்டோர் ரூமைத் திறக்கவே மனசு வரலை. இதுக்கு மேல என்ன பதில் வேணும்? 11 வருஷம் எடுக்கலைன்னா கேட்காம விக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

சட்டம்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த 40 லைக்காரங்களுக்குத் தெரியாது, இந்த நாட்டுச் சட்டத்துல, முஸ்லிம் அல்லாதவங்க உயில் எழுதாமப் போனா, அப்பா சொத்துல ஆம்பளைப் பிள்ளை, பொம்பளைப் பிள்ளைன்னு பேதம் கிடையாது, சரி பங்கு. லாயர் ஆபீஸ்ல என் பங்கை விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னப்ப நான் போட்டேன். பேனாவை நானே என் கைப்பையில இருந்து எடுத்தேன். வீட்டைப் பத்தி இன்னைக்கும் வருத்தமில்ல, தம்பிக்கு மூணு பிள்ளை. அன்னைக்கு நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அப்பா செட்டு மட்டும் எனக்குடா, பிறகு வந்து எடுத்துக்கிறேன்." "எடுத்துக்க அக்கா, யாருக்கு வேணும் அது"ன்னு சொன்னான். அந்த "யாருக்கு வேணும்" அன்னைக்கு எனக்கு உறைக்கலை.

கட்டிக் கொடுத்த பொண்ணு, பொறந்த வீட்டுல ரேடியோ கேட்டா விளையாட்டாப் போயிடுது. அதையே பையன் கேட்டிருந்தா, "அப்பா ஞாபகமா வச்சிருக்கான்"னு புலனக் குழுவுல கைகூப்பின படமா வந்திருக்கும். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

எங்கேயோ போயிட்டேன். ஞாயித்துக்கிழமை பி.ஜே. (பெட்டாலிங் ஜெயா) அம்கார்ப் மால் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அதே சான்யோ மாடல் ஒண்ணு இருந்துச்சு. 380 வெள்ளி. குப்பைக்கு வந்த வாழ்வைப் பாருங்க. கடைக்கார அங்கள் கேசட் போட்டுக் காட்டினார், நான் பாட்டைக் கேட்கலை, வால்யூம் திருகைத்தான் பார்த்தேன். புள்ளி இல்ல. நகத்தால சுரண்டிக்கூடப் பார்த்தேன், அழிச்சிருப்பாங்களோன்னு. அங்கள், "அக்கா, பெயிண்ட் போயிடும்"னார். மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்.

"குடும்பத்தை முகநூல்ல இழுக்காதீங்க"ன்னு நாளைக்கு ஒருத்தர் வருவார். குடும்பக் குழுவுலயே 'ஹாஹா'தான் விழுதுன்னா நான் எங்கே போய்ச் சொல்ல?

தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். 1992ல ஸ்டேடியம் நெகாராவுல நாம இந்தோனேசியாவை 3-2ல ஜெயிச்சு பேட்மிண்டன் தாமஸ் கிண்ணம் எடுத்தோமே, அன்னைக்கு நீ ரேடியோ வர்ணனையை என்ன பண்ணே? யாரும் மேல பதியக் கூடாதுன்னு அப்பா மூலையை உடைச்சு வச்சிருந்த சுசீலா கேசட்டை எடுத்து, ஓட்டையில செல்லோடேப் ஒட்டி, அதுக்கு மேலேயே பதிஞ்சே. அடி விழும்னு நான் உனக்காகப் பயந்தேன். அப்பா ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் பழைய லேபிளைக் கிழிச்சுட்டு, "தாமஸ் கப் 1992 – தம்பி பதிவு"ன்னு அவர் கையால எழுதி, செல்லோடேப்பை உரிச்சு வச்சார், இனிமே யாரும் அதுக்கு மேல பதிய முடியாதபடி. அது மூணாவது டின்ல இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கான்னு போன் பண்ணிக் கேட்கலாம்னு எடுத்தேன். அப்பத்தான் உன் 'ஹாஹா'வைப் பார்த்தேன்.

மத்தவங்களுக்கு ஒரு உதவி. செலாயாங், பத்து கேவ்ஸ், செந்தூல் பக்கம் பேப்பர் லாமா லோரியோ, பழைய சாமான் கடையோ பார்த்தா, கைப்பிடி வச்ச சான்யோ செட்டு, வால்யூம் திருகுப் பக்கத்துல சிவப்புப் புள்ளி இருக்கான்னு பார்த்து எனக்கு ஒரு படம் அனுப்புங்க. செட்டு போச்சுன்னாலும் பரவாயில்ல, சதுர பிஸ்கட் டின் மூணு. அதுல மூணாவது மட்டும் கிடைச்சாலும் போதும். 12 வெள்ளிக்கு மேலேயே தரேன்.