இலவசமாக வந்த தைராய்டு ஸ்கேன்

போன ஞாயிற்றுக்கிழமை டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலில் படி இறங்கும்போது, பக்கத்து ஃபிளாட் மாமா ஒரு நோட்டீஸைக் கையில் திணித்தார். முழு உடல் பரிசோதனை, பாதி விலை, தைராய்டு ஸ்கேன் இலவசமாம். "எதுக்கும் பார்த்து வச்சுக்கலாமே" என்றார். இந்த "எதுக்கும்" என்ற சொல்லை நம்பித்தான் பாதி லேப்கள் ஓடுகின்றன.

எனக்கு இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. ரெண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு பேக்கேஜில் என் மனைவிக்குக் கழுத்தில் சின்னக் கட்டி என்று வந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிய மூணு வாரம். அந்த மூணு வாரமும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தென்கொரியாவில் இது ஊருக்கே நடந்தது. 1999-இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அதில் கிடையாது, ஆனால் கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் அதையும் செய்தார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கு. சாவு விகிதம் மட்டும் அப்படியே நின்றது. அதாவது, கண்டுபிடித்ததில் பெரும்பாலானவை யாரையும் கொன்றிருக்காது. ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆபரேஷன் நடந்தது. சுரப்பியை முழுசாக எடுத்தவர்களுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரலும் போனது.

மெஷின் பொய் சொல்லவில்லை, கட்டி இருந்தது. "கண்டுபிடித்ததால் யாராவது கூடுதலாகப் பிழைத்தார்களா, அதற்கு என்ன செலவு, என்ன சேதம்?" என்று முதலிலேயே யாரும் கேட்கவில்லை.

இதைக் கேட்பதையே வேலையாக வைத்து, பிரிட்டனில் 1999 முதல் நைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நம் நாட்டிலும் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஹெச்.டி.ஏ. (சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு) இந்தியா என்ற அமைப்பு இயங்குகிறது. இதே டெல்லிதான். புதுக் கருவியோ மருந்தோ, இப்போது இருப்பதைவிட எவ்வளவு கூடுதல் நல்வாழ்வு தருகிறது, அதற்கு எவ்வளவு காசு என்று கணக்குப் போடுவார்கள். மறுபடி பயன்படுத்த முடியாத சிரிஞ்ச் வாங்கலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அரசு வாங்குவதற்கு. மாமா கையில் இருக்கும் நோட்டீஸை யார் கணக்குப் பார்ப்பது? அதன் மூலையிலாவது "இதனால் பிழைத்தவர் எத்தனை பேர்" என்று அச்சடிக்கச் சொல்லலாம். சிகரெட் பெட்டியில் படம் போடவில்லையா?

மாமா நேற்று போன் பண்ணினார். பேக்கேஜை விட்டுவிட்டு, தெருமுனை டாக்டரிடம் பி.பி. மட்டும் பார்த்துக்கொண்டாராம். 160. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்.