முனிக்கு எத்தனை ஹிட் பாயின்ட்?

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நடந்தது இது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை வளர்க்கும் ஆட்டம். மொட்டை மாடியில் என்னைத் தவிர ஐந்து பேர், ஒரு வரைபடம், இருபது முகப் பகடை. கதை நடத்துவது நான். கண்மாய்க் கரையில், புளியமரத்தடியில் முனி நிற்கிறது என்று குரலைத் தாழ்த்தி, முடிந்த மட்டும் மிரட்டிச் சொன்னேன். முறுக்கைக் கடித்தபடி ஒருவன் கேட்டான்: "அதற்கு எத்தனை ஹிட் பாயின்ட்?" எவ்வளவு அடி தாங்கும் என்று சொல்லும் எண் அது.

அவன்மேல் கோபமில்லை. தப்பு என்னுடையது. எங்கள் ஆட்டத்தில் ஒருத்தி யட்சி, ஒருவன் பாதி ரத்தக்காட்டேரி, இன்னொருவன் முனிக்குப் பிறந்த பிள்ளை. கேட்டவர்களுக்கெல்லாம் சரி என்று தலையாட்டியவன் நான்தான். இவர்கள் போய் உட்கார்ந்தால் டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலா என்றுதான் கேட்கிறார். அப்படிப்பட்ட ஊரில் முனி நின்றால் என்ன, மின்கம்பம் நின்றால் என்ன?

இதே வகை ஆட்டமான, 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்தது. அங்கே பூதம் வெட்டிச் சாய்க்க வேண்டிய எதிரி, எண் இல்லாமல் தீராது. 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற ஆட்டம் வேறு வழி பிடித்தது. கோரமானதைக் கண்ணால் பார்த்தாலே பகடை உருட்ட வேண்டும், தவறினால் புத்தி கலங்கத் தொடங்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அதுவும் எண்தானே! நான்காவது வாரத்தில் அதையும் கணக்குப் போடப் பழகிவிடுகிறார்கள்.

அழகர்கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பதினெட்டாம்படிக் கருப்புக்கு முன்னால் நிற்கிறோம் என்றால் ஒரு கதவின் முன்னால் நிற்கிறோம். சந்தனம் கதவுக்கு, மாலை கதவுக்கு. கொடுக்கல் வாங்கல் தகராறை அந்தப் படியில் சத்தியம் வைத்துத் தீர்ப்பது பழைய வழக்கம். பொய்ச் சத்தியம் செய்ய நினைத்தவனுக்கு அங்கே கால் நடுங்கும். கருப்பை அவன் கண்டதில்லை. கண்டிருந்தால் ஒருவேளை அத்தனை நடுங்கியிருக்க மாட்டான்.

அமானுஷ்யம் எத்தனை முறை வருகிறது என்பதைவிட, அது வராதபோது ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அதனால் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினேன். ஐவரில் ஒருவருக்கு மட்டும் அமானுஷ்யம், அது யார் என்று மற்ற நால்வருக்கும் தெரியாது. சக்தியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அவர் ஒரு நினைவை இழப்பார். யட்சியாக இருந்தவளுக்கு ஏக வருத்தம். "வாரம் முழுக்க அலுவலகத்தில் சாதாரண ஆளாகத்தானே இருக்கிறேன், இங்கேயுமா?" என்றாள். நியாயமான கேள்வி, இன்னும் பதில் சொல்லவில்லை.

ஊர்க்காரர்களையும் மாற்றினேன். பொழுது சாய்ந்தால் அந்த வரப்பில் யாரும் போவதில்லை. ஏன் என்று கேட்டால் கிழவி பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசுவாள். மரத்தடியில் தினமும் புதுச் சுருட்டு இருக்கும், வைத்தவர் யார் என்று தெரியாது.

நேற்று மறுபடி அதே புளியமரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே எதுவும் நிற்கவில்லை என்றுதான் சொன்னேன். முறுக்குக்காரன் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் செருப்பைக் கழற்றிவிடுகிறேன்" என்றான்.