குடல் கேன்சர் ஆபரேஷன் முடிந்தவர்கள் செக்கப்பை விட்டுவிடாதீர்கள்

"குடல் கேன்சர் ஈரலுக்குப் பரவாமல் தடுக்க ஜீன் ஊசி வந்துவிட்டது" என்று ஒரு செய்தி மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. ஊசி இன்னும் வரவில்லை. ஆனால் ஆராய்ச்சி நிஜம்.

பெருங்குடலில் இருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் அதிகமாகப் போய்த் தங்குவதும் அங்கேதான். அமெரிக்காவின் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் லீஃப் ஹுவாங் குழுவினர் 2016-ல் ஒரு வழி காட்டினார்கள். கொழுப்பு பூசிய நுண்துகளில் ஒரு மரபணுவை வைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். கல்லீரல் செல்களே சில நாட்களுக்கு ஒரு புரதத்தைத் தயாரித்தன. கேன்சர் பரவ உதவும் சிஎக்ஸ்சிஎல் 12 என்ற பொருளை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொண்டது. பரவல் வெகுவாகக் குறைந்தது. நோய் வந்து குடியேறும் முன்பே ஈரலைத் தயார் செய்துவிடும் இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வேலூர் சிஎம்சியில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய்க்கு மரபணு சிகிச்சை கொடுத்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். நம்மிடம் ஆள் இருக்கிறது, அரசு தாராளமாகப் பணம் போட வேண்டும்.

சரி, அதுவரை? குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அண்ணன். குடலில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தது. ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு பீரோவுக்கு மேலே கிடக்கிறது. "இப்ப ஒரு சீக்கும் இல்லல்லா, செக்கப்புக்குப் போனா ஒரு நாள் வெட்டு போவும்லா" என்கிறார். கூலி போகிற கவலை நியாயமானதுதான். ஆனாலும் முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும், டாக்டர் சொல்கிறபடி சிடி ஸ்கேனும் எடுத்தே ஆக வேண்டும். மொத்தம் ஐந்து வருடம் கண்காணிக்க வேண்டும்.

"ஈரலுக்கு ஏறிட்டு" என்று கேட்டதுமே நம் வீடுகளில் எல்லாம் முடிந்தது என்று ஆளைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பரவியிருக்கும்போதே தெரிந்தால் பலருக்கு அந்தப் பகுதியை வெட்டி எடுக்க முடியும். மிச்சமிருக்கும் ஈரல் வளர்ந்துவிடும். அப்படி ஆபரேஷன் செய்தவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள்.

திருவனந்தபுரம் ஆர்சிசி, நெய்யூர் கேன்சர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள், சிஇஏவை மட்டும் ஊரிலேயே எடுத்து ரிசல்ட்டை அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் அளவும் மாறும்.