முதலில் அந்தப் பழைய சீட்டை எடுங்கள்

அக்கா மகளுக்கு இது இரண்டாவது. ஏழாம் மாதம். கேரள மலையில் வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் இருக்கிறாள். அம்மா வீடு கீழே, தேனி மாவட்டத்துக் கூடலூர் பக்கம். போன வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, பேறுகாலத்தை மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்று. "தலைச்சனைத்தான் அங்க பெத்தா, இதை நான் பாத்துக்கிறேன். தெரு முக்குல ஹெல்த் சென்டர் இருக்கு. ரெண்டாவதுதானே, லேசா முடிஞ்சிரும்" என்றாள் அக்கா.

நான் ஒன்றுதான் கேட்டேன். முதல் பிரசவத்து டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே?

டிரங்குப் பெட்டிக்கு அடியில், நகைக்கடைப் பைக்குள், ஸ்கேன் படத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்ததாம். அக்கா மகள் போட்டோ பிடித்து அனுப்பினாள். குழந்தை பிறந்தும் நஞ்சுக்கொடி தானாக வரவில்லை, தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கையால் எடுத்திருக்கிறார்கள், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இதற்கு எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இருந்த பெயர் "கொஞ்சம் ரத்தம் அதிகமாப் போச்சு".

நஞ்சு தங்கி ரத்தம் போனவளுக்கு அடுத்த முறையும் அப்படி ஆக மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அரை லிட்டர் என்றால் ஒரு பால் பாக்கெட். கூடலூரிலிருந்து தேனி தாண்டி க.விலக்கில் இருக்கிற அரசு மெடிக்கல் காலேஜுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். 108 உடனே வந்தாலும் அந்தத் தூரம் குறையாது. ஹெல்த் சென்டரை நான் குறை சொல்லவில்லை. எந்தச் சிக்கலும் இல்லாத பெண்ணுக்கு அங்கே நர்சம்மாக்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆனால் இவளுக்கு ரத்தமும் தியேட்டரும் மயக்க டாக்டரும் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தழும்பு குறுக்கே இருக்கிறது என்பதை வைத்து உள்ளே கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழ்ப்பக்கம் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்து சுகப்பிரசவத்துக்கு முயன்றால், கர்ப்பப்பையின் பழைய தையல் விடும் ஆபத்து ஏறக்குறைய 1000 பேரில் 5 பேருக்கு. மேலே நெட்டுவாக்கில் வெட்டியிருந்தால் அது பல மடங்கு, வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. எந்த வெட்டு என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும். போன தடவை பிரஷர் ஏறியதா, ஃபிட்ஸ் வந்ததா, நெகட்டிவ் ரத்த குரூப் என்றால், அடுத்த குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டார்களா, எல்லாம் அதில்தான்.

எல்லையில் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். கர்ப்பிணியைப் பதிவு செய்து கொடுக்கிற பிக்மி எண் தமிழ்நாட்டுக்கானது, கேரளாவில் நடந்த பிரசவத்தின் கதை அதில் இருக்காது. நர்சம்மா கேட்கும்போது "எல்லாம் நார்மல்தான்" என்று அம்மாக்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். அது பொய் இல்லை, அவர்களுக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். அதனால் பெண்ணையே பேச விடுங்கள்.

அக்காவுக்கு முதலில் மனத்தாங்கல். தாய்வீட்டுச் சீரை நான் கெடுக்கிறேன் என்றாள். அப்புறம் சீட்டை வரி வரியாக வாசித்துக் காட்டினேன், ரத்தம் ஏற்றிய இடம் வந்ததும் போனை வாங்கித் தானே பார்த்தாள். சரி, இப்போது முடிவு இது: எட்டாம் மாதம் கூடலூர் வருவாள். தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஆண்டிபட்டியில் என் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடுவோம், க.விலக்கு அங்கிருந்து பக்கம். அவள் குரூப் ரத்தம் உள்ள பையன்கள் இருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சீட்டு மூன்று ஜெராக்ஸ்: ஒன்று அவள் பையில், ஒன்று மாப்பிள்ளையிடம், ஒன்று அக்காவின் சாமிப் படத்துக்குப் பின்னால்.