புதியது முழுசாக வரட்டும், அப்புறம் பழையதை எடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். லினக்ஸ் கணினியில் சாளரங்களைத் திரையில் காட்டுவதும் விசைத் தட்டல்களைச் செயலிகளுக்குக் கொண்டுபோவதும் எக்ஸ்11 என்ற பழைய அமைப்பு; அதன் இடத்துக்கு வரும் புதியது வேலண்ட். "எக்ஸ்11 செத்துப் பல வருஷம் ஆச்சு, அதையே கட்டிக்கிட்டு அழறவங்களுக்காக யாரும் காத்திருக்க முடியாது" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

எனக்கு வேலண்ட் மீது கோபம் இல்லை. எக்ஸ்11 1987-இல் வந்தது. ஒரு செயலியில் தட்டும் கடவுச்சொல்லை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்க முடிகிற அமைப்பு. மாற்றத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: பழையது செய்த வேலையைப் புதியது செய்கிற வரைக்கும் பழையதை எடுக்காதீர்கள்.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பக்கவாதம் வந்த பிறகு இடது கை மட்டும்தான். அந்த ஒரு கையால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். அவருக்காக எக்ஸ்டூடூல் (நமக்குப் பதிலாக விசைகளைத் தட்டும் கருவி, எக்ஸ்11-ஐ நம்பி ஓடுவது) வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எஃப்9 அழுத்தினால் அடிக்குறிப்புக்கான குறிகள் வந்து விழும், எஃப்10 அழுத்தினால் அடிக்கடி வரும் ஒரு தமிழ்த் தொடர். ஒரு சனிக்கிழமை இரவு நான்தான் கணினியைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். உள்நுழைவுத் திரையில் எக்ஸ்11-ஐத் தேர்ந்தெடுக்கும் வசதியே இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை முழுக்க அப்பா எஃப்9-ஐ அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். கணினியில் கோளாறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "விரல்ல பலம் குறைஞ்சிடுச்சு போல, டாக்டர்கிட்ட போகணும்" என்றார்.

"மாற்று இருக்கிறதே, வேலண்டிலும் ஓடும் ஒய்டூடூல் போடு" என்பீர்கள். போட்டேன். அது விசைகளின் எண்ணை அனுப்புகிறது, ஆங்கிலம் தட்டும், தமிழ் எழுத்தை நேரடியாகத் தட்டாது. "தன்னார்வலர்கள் எத்தனை காலம் இரண்டையும் பராமரிப்பார்கள்?" நியாயமான கேள்வி, அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். "குறை சொல்லாமல் நீயே எழுதிக் கொடு" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியது நானா?

வேலண்ட் தொடங்கியது 2008-இல். அதே வருஷம் ஜனவரியில் கேடிஇ என்ற டெஸ்க்டாப் சூழலின் 4.0 பதிப்பு வந்தது. 'இது எல்லோருக்கும் இல்லை' என்று எழுதியவர்களே சொல்லியும் சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) பழைய 3.5-ஐ எடுத்துவிட்டு அதை வைத்தன. அன்று கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் பட்டதை மறக்க முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் அதையேதான் செய்கிறோம். முடியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறோம். அந்தச் சிரிப்புதான் எனக்கு வலிக்கிறது. அங்கே 'அழறவங்க' என்று சொன்னது என் அப்பாவை.

நேற்று இரவு பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அப்பா உட்கார்ந்ததும் முதலில் எஃப்9-ஐ அழுத்தினார். அடிக்குறிப்பு வந்தது. தன் விரலைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினார்.