நடுங்கித்தான் போனார்கள்

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கொரோனாவில் கடையை மூடினதும் குடிகாரன் பூராவும் தானாத் திருந்தினான், மனசு வெச்சாப் போதும், சிகிச்சை எதுக்கு?" என்கிறார் அதில் பேசுகிறவர். கைதட்டல் வேறு.

ஐயா, திருந்தி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நடுங்கித்தான் போனார்கள்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஊரடங்கு. என் அண்ணன் லேத் பட்டறைக்காரன், 15 வருடக் குடி. மறுநாளே டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த நாள் வலிப்பு. அதற்கடுத்த ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு என்று துண்டால் அடித்துக்கொண்டே இருந்தான். அம்மா விபூதி பூசினாள். அண்ணிதான் 108-ஐக் கூப்பிட்டாள்.

தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம் என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்த மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி. மனசு வைத்தியம் எதுவும் அங்கே நடக்கவில்லை.

"பலபேர் சும்மாவே விட்டார்களே?" விட்டார்கள், சந்தோஷம். அளவாகக் குடித்தவருக்கு அது முடியும். எல்லோருமே திருந்தியிருந்தால் மே 7 அன்று டாஸ்மாக் வாசலில் குடையோடு நின்றது யார், ரேஷன் வாங்க வந்தவர்களா? கேரளத்தில், குடியை நிறுத்தித் தவித்தவர்களுக்கு டாக்டர் சீட்டு இருந்தால் மது என்று அரசே உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சீட்டு தப்புதான். ஆனால் இது உடம்புப் பிரச்சினை என்றாவது அந்த அரசுக்குப் புரிந்திருந்தது.

"குடிச்சது அவன் தப்புதானே?" ஆமாம், தப்புதான். வலிப்பு வந்தவனைத் தரையிலேயே போட்டுவிடலாமா?

வேலை நாட்களில் மகள் தூங்கின பிறகுதான் அண்ணன் வீட்டுக்கு வருவான். ஊரடங்கில் எல்லோரும் ஒரே அறை. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "அப்பா, எறும்பு போயிடுச்சா?" என்று ஆஸ்பத்திரிக்கே போனில் கேட்டாள். முழுச் சிகிச்சைக்கு அவன் சம்மதித்தது அதற்கப்புறம்தான். கூலியும் நின்றிருந்தது, கடன் கொடுக்கவும் ஆளில்லை. இதையெல்லாம் 'மனசு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

வீட்டுப் பெண்களைக் கேட்டீர்களா? அண்ணி 11 நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தாள். அவளுக்கு யாரும் கைதட்டவில்லை.

அந்த வீடியோவை நம் குடும்ப குரூப்பில் சிரிப்பு பொம்மையோடு போட்ட சித்தப்பாவுக்கு: அன்றைக்கு மாத்திரை வாங்க வண்டி கேட்டபோது பெட்ரோல் இல்லை என்றீர்கள். வாசலில் நின்று கேட்டது நான்தான்.